மலாக்கா செட்டிகள்

மலேசியாவின் மலாக்கா நகரில் வேரூன்றிய சிறு கலப்புச் சமூகத்தினர். சுல்தான்கள் ஆண்ட 15ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த தமிழர்கள், மலாய், சாவகப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களின் வழிவந்தோரே இவர்கள். பின்னாளில் லேவாதேவிக்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு.

வீட்டுமொழி தமிழ்ச் சொற்கள் விரவிய மலாய். பெண்களின் மரபுடை சாரோங், கெபாயா. சமயம் மட்டும் மாறவில்லை; அசைக்க முடியாத சைவம். அன்று மலாக்காவை ஆண்ட டச்சுக்காரர் தந்த நிலத்தில் 1781இல் இவர்கள் எழுப்பியதே பொய்யாத விநாயகர் கோயில். போகியன்று ‘பார்ச்சு’ என்னும் முன்னோர் படையல்: வாழையிலையில் சோறும் கறியும், பக்கத்திலேயே தேங்காய்ப்பால் மணக்கும் மலாய்ப் பலகாரங்கள். ஐந்து நூற்றாண்டு உறவு முழுவதும் அந்த ஒரே இலையில் தெரியும்.

தமிழ் பேசாததை வைத்து இவர்களின் தமிழ்மரபைச் சந்தேகிப்பது பெரும் அநீதி. காஜா பேராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டியே இவர்களின் பாரம்பரியக் குடியிருப்பு. வேலை தேடி இளையோர் பலர் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்துவிட்டனர். இத்தனை தொன்மை இருந்தும் ‘மண்ணின் மைந்தர்’ என்னும் பூமிபுத்திரர் தகுதி இவர்களுக்குக் கிடைக்கவில்லை.