காலி அறையிலிருந்து வந்த கட்டளை

2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் அமெரிக்காவின் கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் கணிப்பொறிகளுக்குள் அன்னியர் நுழைந்து அறிவுச் சொத்தைக் களவாடியதை முந்தைய டிசம்பரின் நடுவில் கண்டறிந்ததாகவும், தாக்குதல் சீனாவிலிருந்து வந்தது என்றும், வேறு இருபது நிறுவனங்களேனும் இவ்வாறே தாக்கப்பட்டன என்றும் அது கூறியது. சீன மனித உரிமை ஆர்வலர்களின் மின்னஞ்சல்களைப் படிப்பதே முதன்மை நோக்கம் என்று கூகுள் கருதியது. ‘அரோரா’ எனப் பெயர்பெற்ற இத்தாக்குதலுக்கு வழிவிட்டவற்றுள் ஒன்று, மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்த ஒரு பிழை.

பிழை எத்தகையது?

இணையப் பக்கத்தைக் கொண்டுவந்து திரையில் காட்டும் நிரலே உலாவி. பக்கத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் அது கணிப்பொறியின் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கும்; வேலை முடிந்ததும் அதைக் காலி செய்யும்.

ஓர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். “12-ஆம் அறை அதிகாரியிடம் கட்டளை பெறுக” என்று எழுத்தரின் குறிப்பேட்டில் உள்ளது. அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார்; குறிப்பை யாரும் அடிக்கவில்லை. காலியான நாற்காலியில் ஒரு மோசக்காரன் வந்து அமர்கிறான். எழுத்தர் முகம் பாராமல் அவன் சொற்படி நடக்கிறார். உலாவியில் நடந்ததும் இதுவே. காலி செய்த இடத்தின் முகவரியை அது மறக்கவில்லை. எந்த அறை என்று திட்டமாகத் தெரியாததால், தாக்கியவர்கள் பல அறைகளிலும் தங்கள் கட்டளையையே நிரப்பி வைத்தனர். ஒரு தீய பக்கத்தைத் திறந்தாலே போதும். கணிப்பொறி அவர்கள் கைக்குப் போய்விடும்.

பழையது மட்டும் வீழ்ந்தது ஏன்?

இப்பிழை 6, 7, 8 ஆகிய மூன்று பதிப்புகளிலும் இருந்தது. ஆயினும் அப்போது காணப்பட்ட தாக்குதல்கள் வென்றது ஆறாம் பதிப்பில்தான். 2009 மார்ச்சில் வந்த எட்டாம் பதிப்பில் ஒரு காவல் உண்டு: தகவல் வைக்கும் அறையில் உள்ள எதையும் கட்டளையாக ஏற்கக் கூடாது என்பதே அது. 2001-இல் பிறந்த ஆறாம் பதிப்புக்கு அக்காவல் இல்லை.

அப்படியானால் அதை ஏன் விடாமல் வைத்திருந்தனர்? அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பல அலுவலகங்கள் தங்கள் உள்வேலை நிரல்களை ஆறாம் பதிப்புக்கென்றே எழுதிவிட்டன. உலாவியை மாற்றினால் அந்நிரல்கள் இயங்கா என்ற அச்சமே காரணம்.

ஜெர்மன் அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், பிழை திருத்தப்படும்வரை வேறு உலாவியைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது, பிரான்சும் தொடர்ந்தது. ஜனவரி 21-இல் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. 2009 செப்டம்பரிலேயே இப்பிழையை அந்நிறுவனம் அறிந்திருந்தது என்பதும் அப்போது வெளிப்பட்டது. 2011-இல் ஆறாம் பதிப்பைக் கைவிடுமாறு மைக்ரோசாப்டே இயக்கம் நடத்தியது. 2014 ஏப்ரல் 8-இல் அதற்கான ஆதரவு முடிவுற்றது.

இரும்பு துருப்பிடிப்பதுபோல் நிரல் துருப்பிடிப்பதில்லை. 2001-இல் எழுதியது 2009-க்குள் தானாகத் தேய்ந்துவிடவில்லை. தாக்குவோரின் அறிவு மட்டும் வளர்ந்திருந்தது. “நன்றாகத்தானே ஓடுகிறது” என்று பழைய நிரலை வைத்திருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.