காற்றும் எரிபொருளும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசக் கட்டிடங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கட்டிடக்கலையின் வரலாறு பெரும்பாலும் கோபுரங்களினதும் மாளிகைகளினதும் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவற்றினுள் வாழ்ந்தோர் எத்தகைய காற்றைச் சுவாசித்தனர், அக்காற்றை வழங்கும் பொருட்டு எவர் உழைத்தனர், எந்த எரிபொருள் செலவாயிற்று என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. கட்டிடங்களில் சக்தி சிக்கனமாகப் பயன்படல் வேண்டும், அதேவேளை உள்ளிருப்போருக்குச் சுகாதாரமான காற்றும் கிடைத்தல் வேண்டும் என்பது இன்று ஒரு பொறியியற் பிரச்சினையாகவே பேசப்படுகின்றது. அது சமூகப் பிரச்சினையுமாகும் என்பதைத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

வெப்பநிலையைப் பேணுதற்கும் காற்றைப் பேணுதற்கும் இடையிலான முரண்பாடு புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, வேனிலில் தென்றலைக் கொணரும் பள்ளியறைச் சாளரம் கூதிர்க் காலத்தில் தாழிடப்பட்டுக் கிடப்பதையும், விசிறிகள் பயனின்றித் தொங்குவதையும், மாந்தர் நெருப்பிட்ட தடவின் அருகில் இருந்து குளிர் போக்குவதையும் சித்திரிக்கின்றது. பருவத்திற்கேற்பக் கட்டிடத்தைத் திறந்தும் மூடியும் பயன்படுத்தும் அறிவு அச்சமுதாயத்திற்கு இருந்தமை இதனாற் புலனாகும். ஆயின் அவ்வசதி நகரத்து மனைகளுக்கே உரியதாயிருந்தது. அதே பாட்டில் வரும் கோவலர், வெள்ளத்தால் இடம் பெயர்ந்து திறந்த வெளியில் நடுங்குகின்றனர். காற்றையும் வெப்பத்தையும் வேண்டியவாறு ஆளும் வாய்ப்பு அன்றே வர்க்க வேறுபாட்டினைத் தழுவியிருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

திருகோணமலையின் காலநிலை இருமுகங் கொண்டது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர்கின்றது. ஆண்டின் நடுப்பகுதியிலோ, மத்திய மலைநாட்டைக் கடக்கையில் ஈரத்தை இழந்த மேல்காற்று வெப்பமும் வரட்சியும் உடையதாய் வீசுகின்றது. இதனைக் கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என்பர். கிடுகுக் கூரை வெப்பத்தைத் தேக்கி வைப்பதில்லை. தாழ்ந்த இறப்பும் திண்ணையும் சுவரில் வெயில் படாது காத்தன. அடுக்களை பெரும்பாலும் தனிக்கொட்டிலாக அமைந்தமையால் புகை வீட்டினுட் பரவவில்லை. எரிபொருட் செலவின்றி வீட்டைத் தணித்து வைக்கும் இம்முறைமை உழைக்கும் மக்களின் அநுபவத்திலிருந்து பிறந்தது. எனினும் இதனை இலட்சியப்படுத்துதல் தவறாகும். புகை வீட்டினரை விட்டு நீங்கிற்றேயன்றி, அடுப்பருகே நின்ற பெண்ணை விட்டு நீங்கவில்லை.

2

1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர், அதனைத் தமது கிழக்கிந்தியக் கடற்படையின் தளமாக வளர்த்தனர். காய்ச்சல் அவர்தம் படையினரை வாட்டியது. சதுப்பு நிலங்களிலிருந்து எழும் தீய வளியே நோய்க்குக் காரணம் என்பது அக்கால மருத்துவத்தின் கொள்கை. ஆகவே உயர்ந்த முகடு, அகன்ற விறாந்தை, எதிரெதிர்ச் சாளரங்கள் என்பன படைமனைகளின் இலக்கணமாயின. இங்கிலாந்தில், படைவீரன் ஒருவனுக்கு 600 கன அடி இடம் வேண்டுமென 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விதிக்கப்பட்டது. 1858 இல் ஜேர்மனிய அறிஞர் பெற்றன்கோபர், அறைக்காற்றிற் கரியமிலவாயு ஆயிரத்தில் ஒரு பங்கினை மீறலாகாது என்றார். அந்நூற்றாண்டின் பிரித்தானியச் சுகாதார அறிஞர், ஆளொருவருக்கு மணித்தியாலத்திற்கு 3000 கன அடி புதுக்காற்று வேண்டுமெனக் கணித்தனர்.

மலேரியாவை நுளம்பு பரப்புகின்றது என்பதை றொனால்ட் றொஸ் 1897 இல் நிறுவியதும், தீய வளிக் கொள்கை வலுவிழந்தது. ஆயினும் பிழையான கொள்கையிலிருந்து பயனுள்ள கட்டிடங்கள் தோன்றின என்பது வரலாற்றின் ஒரு விசித்திரம். நெருக்கமான அறைகளிற் காசநோய் பரவுதலைக் காற்றோட்டம் குறைக்கின்றது. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில், உலக சுகாதார நிறுவனம் 2021 இல் உள்ளகக் காற்றோட்டத்திற்கென வழிகாட்டியொன்றை வெளியிட்டதையும் இங்கு நினைவுகூரலாம்.

அக்கட்டிடங்களின் குளிர்ச்சிக்கு மறைந்ததொரு விலையும் இருந்தது. குடியேற்ற நாடுகளின் துரைமார் வீடுகளில் முகட்டிலிருந்து தொங்கிய பங்காவைக் கயிறு கொண்டு இழுத்தவன் கூலியாள். அவனது தசைவலியே அக்காலத்துச் ‘சக்தி’. அதனை எவரும் கணக்கிட்டு எழுதவில்லை.

3

மனித உழைப்பின் இடத்தை எண்ணெய் கைப்பற்றிய வரலாறு, சீனக்குடாவில் இன்றும் கண்கூடாக நிற்கின்றது. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய பிரித்தானியக் கடற்படை, இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே இங்கு மாபெரும் எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. 1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. எஞ்சியுள்ள 99 தாங்கிகள், 2022 ஜனவரியிற் கைச்சாத்தான ஒப்பந்தங்களின்படி இலங்கை, இந்திய நிறுவனங்களிடையே பங்கிடப்பட்டன.

மலிவான எண்ணெய் கட்டிடத்தின் இயல்பையே மாற்றியது. 1902 இல் கரியர் வடிவமைத்த முதலாவது நவீன வளிச்சீராக்கி, நியூயோர்க்கின் அச்சகமொன்றிற் கடதாசி ஈரத்தாற் சுருங்கி விரியாதிருத்தற்காகவே அமைக்கப்பட்டது. அங்கு உழைத்தோரின் நலம் அதன் நோக்கமாக இருக்கவில்லை. பின்னர் இப்பொறி உலகெங்கும் பரவவே, காற்றின் திசை நோக்கிக் கட்ட வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. வெயிலை உள்வாங்கும் கண்ணாடிச் சுவரும் திறவாச் சாளரமும் நாகரிகத்தின் சின்னங்களாயின.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இம்முறைமையின் உள்முரண்பாட்டினை வெளிப்படுத்திற்று. குளிரூட்டப்படும் புதுக்காற்றின் அளவைக் குறைத்தால் எரிபொருள் மிஞ்சும் என்று கருதப்பட்டது. அமெரிக்காவில் ஆளொருவருக்கு நிமிடத்திற்கு 5 கன அடி போதுமென 1981 இல் விதிக்கப்பட்டது. தலைவலி, கண்ணெரிச்சல், களைப்பு என ஊழியர் முறையிட்டனர். ‘நோயுற்ற கட்டிடம்’ என்னும் தொடர் வழக்கிற்கு வந்தது. 1989 இல் அவ்விதி 15 கன அடியாக உயர்த்தப்பட்டது. எரிபொருட் செலவைத் தொழிலாளியின் நுரையீரலிலிருந்து சேமிக்க முனைந்த முயற்சி எட்டு ஆண்டுகளிற் கைவிடப்பட்டது எனலாம்.

4

இலங்கையின் அண்மைக்கால அநுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரமின்றிச் சுவாசிக்க இயலாத கட்டிடம் அந்நாட்களில் வெறும் பெட்டியாயிற்று. சமையல் எரிவாயு கிடையாமையால் நகரத்து இல்லங்களும் விறகடுப்பிற்குத் திரும்பின. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் இல்லங்களில் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை முன்னரே விறகினால் சமைப்பவை. வீட்டுப் புகையினால் 2020 இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ என்னும் மண்ணடுப்பு, விறகுச் செலவைக் குறைப்பது. எனினும் புகைபோக்கியும் திறந்த சாளரமும் இன்றிச் சிக்கன அடுப்பு மாத்திரம் நுரையீரலைக் காத்துவிடாது.

மின்சாரத்தின் விலையைப் பணத்தால் மட்டும் அளத்தல் இயலாது என்பதற்குத் துறைமுகத்தின் தென்கரையிலுள்ள சம்பூர் சான்றாகும். 2006 இல் போரினால் வெளியேறிய அவ்வூர் மக்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களில் தற்காலிகக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அவர்தம் நிலம் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையத்திற்கென ஒதுக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பிற்குப் பின்னர் 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதனிடத்தில் சூரியசக்தித் திட்டமொன்று 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. தூரத்து நகரமொன்றின் கண்ணாடி மாளிகை வீணாக்கும் ஒவ்வோர் அலகு மின்சாரமும் எங்கோ ஓர் ஊரின் நிலத்தையும் காற்றையும் கோரி நிற்கின்றது.

5

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? சிக்கனமும் சுகாதாரமும் இயல்பிற் பகையானவை அல்ல. மூடிய கட்டிடத்தை முதலிற் கட்டிவிட்டு, பின்னர் அதன் செலவைக் குறைக்க முற்படும்போதே அவை பகையாகின்றன. கூரையை வெண்ணிறமாக்கலும், சுவருக்கு நிழலளித்தலும், கச்சான் வீசும் பகலில் மூடிக் கடற்காற்றிலும் இரவிலும் திறத்தலும், நுளம்பு வலையிடுதலும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. சத்திரசிகிச்சைக் கூடம் போன்று குளிரூட்டல் தவிர்க்கவியலாத இடங்களில், வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டு உட்புகும் காற்றைத் தணிக்கும் வெப்பப் பரிமாற்றிகளைப் பொருத்தலாம்.

ஆனால் நுட்பம் மட்டும் போதாது. இலங்கை நிலைபெறுதகு சக்தி அதிகாரசபையின் கட்டிட விதிக்கோவை பெருங்கட்டிடங்களையே முதன்மையாகக் கருத்திற் கொண்டது. தகரக் கூரையின் கீழ் வாழும் மீனவனுக்கும், தைப்பறையிற் பணிபுரியும் பெண்ணுக்கும், புகையடுப்பின் முன் நிற்கும் தாய்க்கும் அது எட்டுவதில்லை. 1950களில் கண்டி வத்தப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வரைந்த மினெற் டி சில்வா, குடியேறவிருந்தோரிடம் அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தார். அவ்வழக்கம் விதியாதல் வேண்டும். புதுக்காற்றின் அளவு தொழிலாளர் உரிமைகளுள் ஒன்றாகச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். மீள்குடியேற்ற வீட்டுத்திட்டங்களின் கூரையும் அடுக்களையும், அங்கு வாழப்போவோரின் குரலைக் கேட்ட பின்னரே வரையப்படல் வேண்டும்.