கார்த்தேஜ் திருச்சபையும் பொறுமை என்னும் ஒழுக்கமும்

இன்றைய துனீசியாவின் கடற்கரையில் இருந்த கார்த்தேஜ் நகரம், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் இலத்தீன் கிறித்தவத்தின் முதன்மையான மையங்களுள் ஒன்றாக விளங்கியது; பொறுமையைத் தனிப்பொருளாகக் கொண்ட மிகப் பழைய இலத்தீன் கிறித்தவ நூல்கள் தோன்றியதும் அங்கேதான். கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதல் நூலை எழுதிய தெர்த்தூலியன், தம்மிடம் இல்லாத பண்பைப் பற்றி எழுதத் துணிந்ததாக அதன் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். துன்பத்தால் அசையாத மனத்தை ஞானி தன் முயற்சியால் அடையும் நிலையாகக் கருதிய ஸ்டோயிக் தத்துவத்திலிருந்து விலகி, நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒருங்கே கதிரவனை உதிக்கச் செய்யும் கடவுளிடத்திலேயே பொறுமையின் ஊற்றைக் கண்டது அவருடைய சிறப்பு.

அவருடைய சிந்தனையை நடைமுறையில் சோதித்தது 250-ஆம் ஆண்டு. பேரரசர் டெசியஸின் ஆணைப்படி மக்கள் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கான சான்றுச்சீட்டைப் பெற வேண்டியிருந்தது. கார்த்தேஜில் கிறித்தவர் பலர் பலியிட்டனர், வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினர். ‘தவறியோர்’ எனப்பட்ட இவர்கள் மீண்டும் நற்கருணை விருந்தில் பங்குபெற விரும்பி, விசுவாசத்துக்காகச் சிறையிருந்தவர்களிடம் பரிந்துரைக் கடிதங்கள் பெற்று வந்து, உடனே தங்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினர். மறைவிடத்திலிருந்து சபையை நடத்திய ஆயர் சிப்ரியான், துன்புறுத்தல் ஓய்ந்து ஆயர்கள் கூடும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும் என்றார். 251-இல் கூடிய ஆயர் மன்றம், சீட்டு மட்டும் பெற்றவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து சேர்க்கவும், பலியிட்டவர்கள் நெடிய தவத்தில் நிலைத்து மரணத் தறுவாயில் ஒப்புரவு பெறவும் முடிவு செய்தது. மற்றொரு துன்புறுத்தல் நெருங்குவதாக அஞ்சிய நிலையில், அடுத்து வந்த மன்றம் தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் ஏற்றுக்கொண்டது. இவ்வாறு பொறுமை, தனிமனிதரின் குணம் என்ற நிலையைக் கடந்து, குற்றம் செய்தவரும் அவரை ஏற்பவரும் ஒருசேரக் கடைப்பிடிக்க வேண்டிய சபை ஒழுக்கமாயிற்று. அக்காலத் திருச்சபையின் மிக அரிய சாதனைகளுள் இதுவும் ஒன்று.

சிப்ரியான் ‘பொறுமையின் நன்மை’ என்னும் நூலை எழுதிய 256-இல் வேறொரு பூசல் மூண்டிருந்தது. பிரிந்துசென்ற குழுக்களில் திருமுழுக்குப் பெற்றவர் சபைக்குத் திரும்பும்போது மீண்டும் முழுக்குப் பெற வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. உரோமை ஆயர் ஸ்தேவான் அதை மறுத்தார். நூலில் இப்பூசல் பெயரிட்டுப் பேசப்படவில்லை. ஆயினும், தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசை இறுதிவரை பொறுத்துக்கொண்ட கிறிஸ்துவை அது முன்னிறுத்தும் விதத்தில், ஒற்றுமை குலைந்துவிடுமோ என்ற உண்மையான கவலை தெரிகிறது. 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று சிப்ரியான் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார்.

திருமுழுக்கைப் பற்றிய அவருடைய கருத்து நிலைக்கவில்லை. 314-இல் ஆர்ல் நகரில் கூடிய மன்றம் அதற்கு மாறாகவே முடிவெடுத்தது. ஆப்பிரிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த தொனாத்துசின் வழியினர் அக்கருத்தையே தமக்கு ஆதாரமாகக் காட்டியபோது, சிப்ரியான் மாற்றுக் கருத்துடைய ஆயர்களோடு உறவை முறித்துக்கொள்ளாமல் இருந்ததை எடுத்துக்காட்டி, அவர்களுக்கு மறுமொழி எழுதினார் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீனார்.