பெண்களின் மாரடைப்பு (மலேசியா)

மாரடைப்பு வரும் பெண்களுக்குச் சிகிச்சை ஆண்களைவிடத் தாமதமாகக் கிடைப்பதும், அவர்களில் கூடுதலானோர் உயிரிழப்பதும் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. மலேசியாவின் தேசிய இதய நோய்ப் பதிவேடு 2006-இல் தொடங்கியது. அதன் 2006–2010 தரவுகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே பெண். ஆனால், இதயத் தமனி முற்றிலும் அடைபடும் கடும் மாரடைப்பில், மருத்துவமனையிலேயே இறந்த பெண்களின் விகிதம் ஆண்களுடையதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. பெண்கள் வயதில் மூத்தவர்களாக இருந்தார்கள். இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் அவர்களிடம் அதிகம். இவை ஓரளவுக்கே காரணமாகும். ஆஞ்சியோகிராமும் பலூன் சிகிச்சையும் பெண்களுக்குக் குறைவாகச் செய்யப்பட்டன என்பதையும் அதே பதிவேடு காட்டுகிறது. இந்த இறப்பு வேறுபாட்டுக்கு வயதின் மேல் மட்டும் பழிபோட்டுக் கடந்துவிடக் கூடாது.

பேராக்கின் வடமேற்கு மூலையில், பினாங்கு எல்லையை ஒட்டி, கிரியான் ஆற்றங்கரையில் உள்ள பாரிட் புந்தார் போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்கே அரசு மருத்துவமனை உண்டு. நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும். பலூன் சிகிச்சைக்கு உரிய நேரத்தில் அனுப்ப முடியாவிட்டால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அந்த நேரக் கணக்கு மருத்துவமனை வாசலில் கால் வைத்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முன் வீட்டிலேயே மணிக்கணக்கில் நேரம் கழிந்துவிடுகிறது. பால்மரம் சீவிக் குடும்பத்தைக் கரையேற்றிய பாட்டிமார் நெஞ்சு இறுகினால் "வாயுதான்" என்று கோடாலித் தைலம் தேய்த்து, ஓமத்தண்ணீர் குடித்து, விடியட்டும் என்று படுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்க மனம் வராது.

பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மை அறிகுறி. ஆனால் மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, காரணமில்லாத அசதி ஆகியவை அதோடு சேர்ந்து வருவது பெண்களிடம் அதிகம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. தமிழ்க் குடும்பங்கள் அஞ்ச வேண்டிய எண் இதுதான்.

அம்மாவுக்கோ பாட்டிக்கோ இந்த அறிகுறிகள் ஏதேனும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் வாயு மாத்திரை கொடுத்து அனுப்ப முனைந்தால், இசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.