மூவகைப் பொறுமை

1931-ம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ம் நாள், சிங்கப்பூர் குவீன் தெருவினின்று வங்காளி ஒருவர் மிதிவண்டியேறி உலகஞ்சுற்றப் புறப்பட்டார். அவர் பெயர் ராம்நாத் விஸ்வாஸ். சில்ஹெட் பகுதியைச் சேர்ந்த பனியாசோங் என்னும் ஊரில் 1894-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் படைப்பணி புரிந்தவர். பின்னர்ச் சிங்கப்பூருக்கு வந்து வேலை பார்த்து வந்தவர். செல்வரல்லர். அவர் உடன் கொண்டு சென்றவை ஒரு சோடிச் செருப்பு, இரண்டு போர்வை, வண்டியைப் பழுதுபார்க்கும் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி. உலகஞ்சுற்றும் இந்துப் பயணி என்னும் பொருள்பட வண்டியில் எழுதியிருந்தார். அந்நாளில் வெளிநாட்டார் இந்தியர் எவரையும் இந்து என்றே வழங்கினர். நகரத்து இந்தியர் பலர் கூடி நின்று வழியனுப்பினர்.

இன்று அதே குவீன் தெருவிலிருந்து ஜொகூருக்குப் பேருந்து செல்கிறது. அதில் அமர்ந்து, வெயில் சற்றுக் கடுமையென்று முணுமுணுக்கும் நாம், ஒரு மனிதர் அவ்வெயிலில் தம் காலையே இயந்திரமாகக் கொண்டு வடக்கு நோக்கிச் சென்றதை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் தகும்.

நெடுந்தொலைவு மிதிவண்டியில் செல்வார்க்கு வாய்க்கும் கொடிய நாள் எத்தன்மையது? மலாயா நாட்டில் வெயில் மட்டுமே பகையன்று. காற்றிலுள்ள ஈரமும் பகையே. வியர்வை வழியும், ஆனால் உலராது. உலராதபோது உடல் குளிர்வதில்லை. நண்பகலில் தார் இளகிச் சக்கரத்தைப் பற்றும். மாலையில் மழை கொட்டிச் செம்மண் வழியைச் சேறாக்கும். அந்நேரம் பார்த்துத்தான் டயரில் முள்ளேறும். மழையிலே வண்டியைக் கவிழ்த்து, டியூபைக் கழற்றி, நீரில் அமிழ்த்திக் குமிழியெழும் இடம் கண்டு, துடைத்து, உலர்த்தி, சொல்யூஷன் பூசி ஒட்டுப்போட வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டு நில்லாது. பசியும் சினமும் மேலோங்கும் வேளையில் விரல்கள் மட்டும் நிதானமாயிருத்தல் வேண்டும்.

இத்தகைய நாளைக் கடப்போர் முழு வழியையும் ஒருங்கே எண்ணுவதில்லை. நம்மவர் இடங்களை ஐந்தாங்கட்டை, ஏழாங்கட்டை என்று மைல்கணக்கால் வழங்குவது போல, அவர்களும் அடுத்த கட்டை வரையே எண்ணுவர். அது வந்தபின் அதற்கடுத்தது. மேலும், அவர்கள் தனியே தாங்குவதுமில்லை. வழியில் தண்ணீர் தருவோர், திண்ணையில் இடந்தருவோர், சாதியும் சமயமும் கேளாமல் சோறிடுவோர் ஆகியோர் தோளும் அந்தச் சுமையைத் தாங்குகின்றது.

விஸ்வாஸ் மலாயா, சயாம், இந்தோசீனம், சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளைக் கடந்து கனடாவரை சென்று, 1934-ல் தம் ஊர் திரும்பினார். அவ்வாண்டே மீண்டும் புறப்பட்டு ஆப்கானிஸ்தானம், பாரசீகம், துருக்கி வழியாக ஐரோப்பா சென்று பிரிட்டனை அடைந்தார். உடல் நலிந்து 1936-ல் கப்பலேறித் திரும்பினார். 1938-ல் ஆப்பிரிக்கப் பயணம் மேற்கொண்டார். அங்கு நிறவேற்றுமையின் கொடுமையைக் கண்டு எழுதினார். 1955-ல் கல்கத்தாவில் மறைவதற்கு முன் முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை வங்காள மொழியில் இயற்றினார். நோயுற்றபோது நின்றார், தேறியபின் மீண்டும் சென்றார். புறப்படும் உரிமையும் நிற்கும் உரிமையும் அவர் கையிலேயே இருந்தன. இது முதல்வகைப் பொறுமை: தானே தேர்ந்துகொண்ட பொறுமை.

இனி, அவர் வண்டிச் சக்கரத்தை நோக்குவோம். காற்றடைத்த டயருக்கு டன்லப் என்பார் உரிமை பெற்றது 1888-ல். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமையை ரிட்லி என்பார் ஏற்றதும் அவ்வாண்டே. 1877-ல் இங்கு வந்திறங்கிய 22 ரப்பர் நாற்றுகளின் வழிவந்த மரங்களிலிருந்து, மரத்தைக் கொல்லாமல் பால்வெட்டும் முறையை அவர் கண்டார். முன்னர் மிதிவண்டியும் பின்னர் மோட்டாரும் ரப்பரை வேண்டி நின்றன. காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்களுக்குத் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். உலகில் ஓடிய எத்தனையோ சக்கரங்களின் அடியில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, நாளொன்றுக்குச் சில நூறு மரங்கள் வெட்டிய நம் பெண்டிர் ஆடவர் உழைப்பு இருந்தது. விஸ்வாஸ் புறப்பட்ட காலமோ ரப்பர் விலை வீழ்ந்த காலம். 1930 முதல் 1932 வரை, வேலையில்லையென்று இந்நாட்டினின்று இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்ட இந்தியர் லட்சத்துக்கு மேற்பட்டோர். ஒருவர் உலகைக் காணப் புறப்பட்ட நாளில், உலகுக்குச் சக்கரம் தந்தவர்கள் வெறுங்கையோடு கப்பலேறினர்.

பத்தாண்டு கழிந்து, விஸ்வாஸ் வடக்கு நோக்கிச் சென்ற இந்நாட்டிலே தெற்கு நோக்கி வேறு மிதிவண்டிகள் வந்தன. 1941-ம் ஆண்டு டிசம்பர் 8-ல் கோத்தபாருவிலும் சயாம் கரையிலும் இறங்கிய ஜப்பானியப் படை, 55 நாளில் ஜொகூர் பாருவை எட்டியது. படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் சுமார் 6,000 மிதிவண்டிகள் இருந்தனவென்று அப்படையின் திட்டமிட்ட அதிகாரிகளுள் ஒருவரான சுஜி மசனோபு எழுதியுள்ளார். பாலம் இடிந்த ஆற்றில் வண்டியைத் தோளில் சுமந்து கடந்தனர். வெயிலில் டயர் வெடித்தபின் வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினர். இரவில் அவ்வோசை கேட்டோர் டாங்கிகள் வருவதாக அஞ்சினர். 1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ல், புக்கித் தீமாவிலுள்ள போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தனர்.

அச்சிப்பாய்கள் தாங்கிய நாட்களும் கொடியவையே. வெயில், பசி, உறக்கமின்மை யாவும் அவர்க்கும் இருந்தன. மன உறுதியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் அவர்களையும் நாம் போற்ற வேண்டிவரும். ஆனால் அவ்வுறுதி சென்று முடிந்த இடம் யாது? சிங்கப்பூரில் சீன மக்களின் படுகொலை; மூன்றரை ஆண்டு அடிமை வாழ்வு. ஆணைக்கு அடங்கி, நோக்கத்தைக் கேளாமல் தாங்கும் பொறுமை இரண்டாம் வகை. அதற்கு வலிமை உண்டு, அறம் இல்லை.

மூன்றாம் வகையை நம்மவர் நன்கறிவர். பர்மாவிலிருந்த தன் படைக்குப் பொருளனுப்ப ஜப்பானிய அரசு சயாம்-பர்மா ரயில் பாதையை அமைக்கத் துணிந்தது. 1942 முதல் 1943 அக்டோபர் வரை, 415 கிலோமீட்டர் நீளம். வேலையின்றிக் கிடந்த மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரந் தமிழர், ஆசைகாட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுசெல்லப்பட்டனர். பான்போங்கில் ரயிலினின்று இறக்கப்பட்டு, காட்டுவழியே நடத்தப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரின. அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கினர். காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசைவரிசையாக நிற்கின்றன. நம்மவருள் பெரும்பாலோர்க்குப் பெயரெழுதிய கல் இல்லை.

அவர்கள் புறப்படவும் தேர்ந்தாரில்லை. நிற்கவும் உரிமை பெற்றாரில்லை. அவர்தம் துன்பத்தைப் பொறுமையென்று புகழ்வது அவர்க்குச் செய்யும் இரண்டாம் அநீதி. தோட்ட முதலாளிகள் தென்னிந்தியத் தொழிலாளியை விரும்பியதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, அவன் அடக்கமுள்ளவன், எதையும் பொறுப்பவன் என்பது. அந்நற்சான்றைக் கேட்டு நம்மில் சிலர் பெருமிதங் கொண்டனர். விதியென்று அதற்கு விளக்கமும் கூறினர். குறைந்த கூலியையும் ஒழுகும் லயத்தையும் எட்டாத பள்ளியையும் தாங்கச் செய்தது அந்தப் புகழுரையே. மெய்வருத்தம் பாராட்டத்தக்கது, ஆனால் பாராட்டுமுன், யார் பொருட்டு, யார் ஆணையால் என்று கேட்டறிவதே பகுத்தறிவுடையார் கடன்.

விஸ்வாஸின் பெட்டியிலிருந்த கருவிகளை இங்கு மீண்டும் நினைவூட்டுகின்றேன். அவர் துன்பத்தைத் தாங்குவதற்கு மட்டும் ஆயத்தமாகவில்லை. அதனைத் தீர்ப்பதற்கும் ஆயத்தமாகச் சென்றார். டியூபில் துளை விழுந்தால் விதியென்று அமர்ந்துவிடாமல் ஒட்டுப்போட்டார். தொழிலாளிக்குச் சங்கமும் சட்டமும் கல்வியும் அத்தகைய கருவிகளே.

அவரிடம் மற்றொரு கருவியும் இருந்தது, அது எழுதுகோல். கண்டதையும் பட்டதையும் எழுதி வைத்தமையால் 1931-ல் குவீன் தெருவினின்று சென்ற ஒருவரை இன்றும் நாம் அறிகின்றோம். ரயில் பாதைக்குச் சென்று மீண்ட நம் முதியோர் பலர் எழுதாமலே மறைந்தனர். அவர் சொல்லக் கேட்ட மக்களும் பேரரும் தோட்டங்களிலும் நகரங்களிலும் இன்னும் உளர். ஊர், தோட்டம், அழைத்துச் சென்ற ஆண்டு, உடன் சென்றோர், திரும்பாதோர் பெயர்: இவ்வைந்தையேனும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பீராக. ஒரு மாலைப் பொழுதில் முடியக்கூடிய வேலை அது.