யாருடைய குழந்தை?

சாலமோன் அரசர் முன் இரு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடிய நிகழ்ச்சியை நாம் மறைக்கல்வி வகுப்பிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். இருவரும் அது தன் பிள்ளை என்றே உரிமை கொண்டாடினர். குழந்தை பிழைத்தால் போதும், யாரிடம் வேண்டுமானாலும் வளரட்டும் என்று உரிமையை விட்டுக்கொடுத்தவளே தாய் என அரசர் கண்டுகொண்டார். இந்தச் சோதனை தனி மனிதருக்கு மட்டும் உரியதன்று. நிறுவனங்களுக்கும் திருச்சபைகளுக்கும் அது வருவதுண்டு. அமெரிக்காவில் ஆதரவற்ற குழந்தைகளைக் காக்க முன்வந்த கிறிஸ்தவ நிறுவனங்கள் அரை நூற்றாண்டுக் காலம் "யாருடைய குழந்தை?" என்று தமக்குள் வழக்காடின. பின்னர் அவையே ஒன்றுகூடி ஒரு பொதுவான நடைமுறை நெறியை ஏற்றுக்கொண்டன. அம்மாற்றத்துக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஆயருமல்லர், துறவியுமல்லர். நம்மைப் போன்ற ஒரு பொதுநிலையினர்.

இரயிலேறிய பிள்ளைகள்

1840களில் அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது இலட்சக்கணக்கானோர் கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறினர். நியூயார்க் நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் நோயும் வேலையின்மையும் குடும்பங்களைச் சிதைத்தன. தெருவில் திரிந்த சிறுவர்களைக் கண்டு மனம் இரங்கிய புரோட்டஸ்டாண்டு போதகர் சார்லஸ் லோரிங் பிரேஸ், 1853இல் குழந்தைகள் உதவிச் சங்கம் ஒன்றை நிறுவினார். நகரத்துத் தெருவைவிட நாட்டுப்புறத்து உழவர் வீடு குழந்தைக்கு நல்லது என்பது அவர் நம்பிக்கை. 1854இல் முதற் குழு மிச்சிகன் மாநிலத்துக்கு இரயிலேறியது. 1929 வரை இவ்வாறு பல நிறுவனங்கள் அனுப்பிய குழந்தைகளின் தொகை ஏறத்தாழ 2 இலட்சம் என மதிப்பிடுவர். போய் இறங்கிய ஊரில் குழந்தைகளை வரிசையாக நிறுத்துவார்கள். ஊரார் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொள்வார்கள். அவர்களுள் பலர் அநாதைகளே அல்லர். தாயோ தந்தையோ உயிரோடிருந்த பிள்ளைகள்.

கத்தோலிக்கர் இதை வேறு கண்ணால் பார்த்தனர். ஐரிஷ் ஏழைகளின் பிள்ளைகள் புரோட்டஸ்டாண்டு வீடுகளுக்குச் சென்று, பெயரையும் விசுவாசத்தையும் உடன்பிறந்தாரையும் ஒருசேர இழந்தனர். இந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. எனவே, எப்பிஸ்கோப்பல் சபையின் ஆயராயிருந்து கத்தோலிக்கரான லெவி சில்லிமன் ஐவ்ஸ் முதலியோரின் முயற்சியால் 1863இல் நியூயார்க்கில் கத்தோலிக்கக் காப்பகம் தோன்றியது. 1869இல் அருட்சகோதரி ஐரீன் பிட்ஸ்கிப்பன், கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கி, வாயிலில் ஒரு தொட்டிலை வைத்தார். பெற்ற குழந்தையைக் காப்பாற்ற வழியறியாத தாய், யாரும் கேள்வி கேட்காத அத்தொட்டிலில் கிடத்திவிட்டுச் செல்லலாம்.

1875இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 3 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை ஏழையர் விடுதிகளில் வைத்தல் ஆகாது. இயன்றவரை பெற்றோரின் சமயத்தைச் சார்ந்த இல்லங்களிலேயே சேர்த்தல் வேண்டும். பராமரிப்புச் செலவை உள்ளாட்சி தலைக்கு இவ்வளவு என்று இல்லத்துக்குத் தரும். நோக்கம் நல்லதே. விளைவோ எவரும் எண்ணாதது. பிள்ளை இல்லத்தில் இருந்தால் பணம் உண்டு, தாயோடு இருந்தால் இல்லை என்றாகிவிட்டது. கணவனை இழந்த சலவைத் தொழிலாளி ஒருத்தி மூன்று பிள்ளைகளையும் இல்லத்தில் விட்டால் பொதுப்பணம் அவர்களுக்குச் சோறு போடும். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் ஒரு காசும் கிடைக்காது. இல்லங்கள் பெருகின. கத்தோலிக்கக் காப்பகத்தில் மட்டும் ஒரே காலத்தில் 2,000க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் தங்கினர்.

வழக்கின் உச்சம் 1904இல் அரிசோனாவில் நிகழ்ந்தது. பச்சிளங் குழந்தைகள் இல்லம் 40 ஐரிஷ் குழந்தைகளைச் சுரங்க ஊர்களில் வாழ்ந்த மெக்சிக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அமர்த்தியது. வெள்ளையர் கூட்டமாக வந்து அக்குழந்தைகளைப் பறித்துச் சென்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, இல்லம் தோற்றது. சமயத்தின் பெயரால் ஒரு தரப்பும் இனத்தின் பெயரால் மறு தரப்பும் வாதாடின. குழந்தையின் சார்பில் வாதாடியவர் எவர்?

இரு தரப்பும் நம்பிய மனிதர்

தாமஸ் மல்ரி 1855இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஒப்பந்தத் தொழில் செய்தவர். பின்னாளில், குடியேறிய மக்களுக்கான ஒரு பெரிய சேமிப்பு வங்கியின் தலைவர். இளமையிலேயே புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். அச்சபையின் வழக்கம் நமக்குப் புதிதன்று: 1833இல் ஒசானாம் பாரீசில் தொடங்கிய நாள்முதல், உறுப்பினர் இருவர் இருவராக ஏழையரின் வீடு தேடிச் செல்கின்றனர். அலுவலகத்தில் அமர்ந்து மனுக்களைப் படித்தவருக்குத் தெரியாத ஒன்று, படியேறிச் சென்ற மல்ரிக்குத் தெரிந்தது. இல்லத்துக்குப் போகும் பிள்ளைகளுள் பெரும்பாலோரை அனுப்புவது பெற்றோரின் கொடுமையன்று, வறுமையே.

1898இல் மல்ரியும் நண்பர்களும் நியூயார்க்கில் கத்தோலிக்க வீட்டமைப்புப் பணியகம் ஒன்றைத் தொடங்கினர். இல்லங்களில் இருந்த கத்தோலிக்கப் பிள்ளைகளைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் வளரச் செய்வது அதன் வேலை. அதுவரை குடும்பத்தில் அமர்த்துதல் என்றாலே அது எதிர்த் தரப்பின் தந்திரம் என்று கருதியவர்கள் இப்போது சிந்திக்கத் தொடங்கினர். குற்றம் முறையில் இல்லை, அதைக் கையாண்ட விதத்தில்தான் இருந்தது என்பதை மல்ரி சொல்லிக் காட்டவில்லை, செய்து காட்டினார்.

மறுபுறம், குடும்பப் பராமரிப்புக்காக வாதாடிய ஹோமர் போக்ஸ் என்ற புரோட்டஸ்டாண்டு சீர்திருத்தவாதியோடும் அவர் உறவு பூண்டார். 1899இல் தேசிய அறப்பணி மாநாட்டின் குழந்தைகள் குழுவுக்கு மல்ரி தலைமை ஏற்று அளித்த அறிக்கை இருவேறு முகாம்களையும் அருகில் கொணர்ந்தது. இல்லமும் வேண்டும், வளர்ப்புக் குடும்பமும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் முந்தியது குழந்தையின் சொந்த வீடு. வறுமை ஒன்றே காரணமாக அவ்வீட்டைக் கலைத்தல் ஆகாது. இதில் எவரும் தோற்கவில்லை. ஏனெனில் வெற்றியின் அளவுகோலே மாறிவிட்டது.

வெள்ளை மாளிகையில் இரு நாள்கள்

அடுத்த உந்துதல் ஓர் அநாதையிடமிருந்து வந்தது. ஜேம்ஸ் வெஸ்ட் வாஷிங்டன் நகரின் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர், இடுப்பு மூட்டு நோயால் கால் ஊனமுற்றவர், வழக்கறிஞராக உயர்ந்தவர். அவருடைய தூண்டுதலால், மல்ரியும் போக்சும் யூதரான நீதிபதி ஜூலியன் மேக்கும் உள்ளிட்ட ஒன்பது பேர் 1908 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினர். 1909 ஜனவரி 25, 26 நாள்களில் ஏறத்தாழ 200 பேர் வாஷிங்டனில் கூடினர். அப்போது அமெரிக்க இல்லங்களில் ஏறத்தாழ 93,000 குழந்தைகள் இருந்தனர்.

மாநாட்டின் முடிவுகள் ஒருமனதாக ஏற்கப்பெற்றன. தகுதியுள்ள பெற்றோரின் பிள்ளைகளைத் தக்க காரணமின்றிப் பிரித்தல் ஆகாது. சொந்த வீடு இயலாதபோது, நன்கு ஆராய்ந்து தெரிந்தெடுத்த வளர்ப்புக் குடும்பம். அதுவும் இயலாதபோது, பெருங்கூடங்கள் அல்லாமல் 25 பேருக்கு மிகாத குடில்கள் கொண்ட இல்லம். ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் முறையான பதிவேடு, அரசின் மேற்பார்வை, நிறுவனங்களிடையே ஒத்துழைப்பு. ஒரு விட்டுக்கொடுத்தலும் இருந்தது: தாய்க்குத் தரும் உதவி, கூடுமானவரை அரசிடமிருந்தன்றித் தனியார் அறநிதியிலிருந்து வருதல் நலம் என்றனர். இந்த ஒரு வரியைக் காலம் விரைவிலேயே கடந்து சென்றது. 1911இல் இலினாய் மாநிலம் தாய்மார்க்கு உதவித்தொகைச் சட்டம் இயற்றியது. 1920க்குள் 40 மாநிலங்கள் அதைப் பின்பற்றின. 1912இல் நடுவண் அரசின் குழந்தைகள் பணியகம் ஜூலியா லாத்ராப் அம்மையாரின் தலைமையில் உருவாயிற்று.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தென் மாநிலக் கறுப்பினக் குழந்தைகளின் நிலையைப் புக்கர் வாஷிங்டன் அம்மாநாட்டிலேயே எடுத்துரைத்தார். ஆயினும் பின்னர் வந்த உதவித்தொகை கறுப்பினத் தாய்மாரை அரிதாகவே எட்டியது. "சொந்த வீடே முதன்மை" என்ற நெறியை ஏற்றவர்களும், எல்லாருடைய வீட்டையும் வீடாக மதிக்கவில்லை.

தீர்மானம் உடைந்த காலம்

ஒருமனதாகக் கை உயர்த்துவது எளிது. ஊருக்குத் திரும்பி நடைமுறைப்படுத்துவதுதான் அரிது. 1914இல் நியூயார்க் மேயரான மிட்செல் ஒரு கத்தோலிக்கர். அவருடைய அதிகாரிகள் நகரப் பணம் பெறும் தனியார் இல்லங்களை ஆய்ந்து, கத்தோலிக்க இல்லங்கள் உட்படப் பலவற்றில் கடுமையான குறைகளைக் கண்டனர். அவர்கள் கண்ட குறைகளில் உண்மை இருந்தது. ஆனால் அவை திருத்தும் நோக்கோடு சொல்லப்படுவதற்குப் பதில், செய்தித்தாள்களில் பழிச்சொற்களாக வெளிவந்தன. குருக்கள் துண்டு வெளியீடுகளால் பதிலடி கொடுத்தனர். காவல்துறையோ அக்குருக்களின் தொலைபேசிகளையே ஒட்டுக் கேட்டது. பழைய காயங்கள் மீண்டும் திறந்தன. இப்புயலின் நடுவே, 1916 மார்ச்சில் மல்ரி மறைந்தார். இரு தரப்பும் நம்பிய ஒருவரை நகரம் இழந்தது. மறு ஆண்டு மிட்செல் தேர்தலில் தோற்றார்.

ஆனால் நெறி அழியவில்லை. 1919இல் பேராயராகப் பொறுப்பேற்ற பேட்ரிக் ஹேஸ், பிறர் வந்து ஆராயுமுன் தம் மறைமாவட்டத்தின் அறப்பணி நிறுவனங்கள் அனைத்தையும் தாமே ஆராயச் செய்தார். அதன் பயனாக 1920இல் அவற்றை ஒருங்கிணைக்கும் அமைப்பு பிறந்தது. நாடளாவிய நிலையில், 1910இல் அருள்தந்தை வில்லியம் கெர்பி முதலியோர் தொடங்கிய கத்தோலிக்க அறப்பணி மாநாடு, துறவியரும் பொதுநிலையினரும் தம் நடைமுறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் களமாயிற்று. முன்பு வெளியாரின் வாளாகத் தோன்றிய மேற்பார்வையை, இப்போது சொந்த மனச்சான்றின் குரலாக ஏற்றனர்.

நமக்குரிய படிப்பினை

நூறு ஆண்டு கழித்து, 2009இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுப் பராமரிப்பு பற்றிய வழிகாட்டு நெறிகளை ஏற்றது. வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிப்பதற்குக் காரணமாகாது என்று அதுவும் கூறியது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும், இல்லத்தில் சேர்த்தலை இறுதி வழியாகவே கொள்கிறது. படியேறிச் சென்ற வின்சென்ட் தே பவுல் சபையார் கண்ட உண்மை இன்று உலகறிந்த நெறி.

ஆணையால் ஒரு பொது நெறியை எழுதலாம்; வேரூன்றச் செய்ய இயலாது. மாற்றுத் தரப்பின் அச்சத்தில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்பவரும், பிறரிடம் கேட்பதைத் தம் வீட்டில் முதலில் செய்து காட்டுபவருமே அதை நடத்திச் செல்ல முடியும். மல்ரி அதைச் செய்தார். மேயரின் அதிகாரிகள், உண்மை தம் பக்கம் இருந்தும், செய்யத் தவறினர்.

நம் பங்குகளில் குழந்தைகள் இல்லத்துக்கு அரிசியும் துணியும் கொடுப்பது நல்ல வழக்கம். அது தொடர வேண்டும். அத்துடன் ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்வோம்: இங்குள்ள பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாய் இருக்கிறாள்? மாதந்தோறும் ஒரு சிறு உதவி கிடைத்தால், அவர்களுள் யார் இன்றிரவு தன் வீட்டிலேயே உறங்குவாள்? விடை அறிய, இல்லத்தின் வாயிலோடு நின்றுவிடாமல், அத்தாயின் வீட்டுப்படியும் ஏற வேண்டியிருக்கும்.