நல்ல முதலாளிக்கும் சட்டம் வேண்டும்

உப்பளத்திலிருந்து கடலூர்ச் சாலை வழியாக முதலியார்பேட்டைக்குச் செல்வோர் ரோடியர் ஆலையைக் காண்பர். 2020-இல் மூடப்பட்ட அந்த ஆலை, 1936 ஜூலை 30-ஐ நினைவூட்டுகிறது. அன்று புதுவையில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். பிரான்சில் 1919-இலேயே சட்டமாகிவிட்ட எட்டு மணி நேர வேலை, அந்த உயிர்ப்பலிக்குப் பின்னரே, 1937 ஏப்ரல் 6-ஆம் நாள் ஆணையால் புதுவைக்கு வழி கண்டது.

அதற்கு முன்னர், நகரின் மூன்று ஆலைகளுள் ஒன்றன் உரிமையாளர் மட்டும் மனமிரங்கிக் கூலியை உயர்த்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அவருடைய துணியின் விலை ஏறியிருக்கும். வணிகர் மற்ற இரு ஆலைகளை நாடியிருப்பர். தனி ஒருவரின் நல்லெண்ணம் சந்தையில் தண்டனை பெறுகிறது. இதனை உணர்ந்த முதலாளிகள் சிலர், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தைத் தாமே ஆதரித்தனர்.

இங்கிலாந்தின் சாக்லேட் உற்பத்தியாளர் ஜார்ஜ் காட்பரி அவர்களுள் ஒருவர். அவருக்குச் சொந்தமான ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ் 1906-இல் இலண்டனில் நடத்திய கண்காட்சி, அற்பக் கூலிக்கு வீட்டிலிருந்தே உழைத்த பெண்களின் நிலையை மக்கள் கண்முன் நிறுத்தியது. 1909-இல் சில தொழில்களுக்குக் கூலி நிர்ணயிக்கும் வாரியங்கள் சட்டத்தால் அமைந்தன.

அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என வகுத்தது. வட மாநில நெசவாலை அதிபர் பலர் அதனை வரவேற்றனர். அதற்கு இரக்கம் மட்டுமே காரணமன்று. தென் மாநில ஆலைகள் குறைந்த கூலியின் பலத்தால் அவர்களை வீழ்த்தி வந்தன.

தன்னலம் கலந்த ஆதரவு என்று இதனைத் தள்ளிவிடலாமா? தொழிலாளி இசைந்தான் என்பதாலேயே கூலி நீதியாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் கற்பித்தார். பசித்தவனின் இசைவு முழு உரிமையுடைய இசைவு அன்று. போட்டியில் நசுங்கும் நல்ல முதலாளியின் நிலையும் ஒருவாறு அத்தகையதே. சட்டம் இருவருக்கும் அரணாகிறது.

இந்தியா 1948-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இயற்றியது. எனினும் ஏட்டில் மட்டும் வாழும் சட்டம், அதனை மதிப்பவரையே நட்டப்படுத்தும். ஆதலின் நம்முள் கடையோ பட்டறையோ பள்ளியோ நடத்துவோர் நியாயமான கூலி கொடுப்பதோடு அமைந்துவிடலாகாது. அண்டைக் கடையிலும் அது கொடுக்கப்பட வேண்டும் எனக் குரலெழுப்பவும் வேண்டும்.